அஞ்சே முக்கால் ஆட்டோ

ஷேர் ஆட்டோ தொழிலில் வண்டியை ஓட்டுவது சுலபம். ‘இன்னும் ஒரே ஆள்’ என்று நிறுத்தி வைப்பதுதான் பெரும்பாடு. என்னைப் போல ஓட்டுகிறவர்களுக்கும், உள்ளே உட்கார்ந்து வெந்தவர்களுக்கும் இது தெரியும்.

காலி வண்டி

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அரசாங்கம் சொன்னதும், அடி அண்ணாமலையில் என் வண்டி ஈ ஓட்டியது. போனவர்களையெல்லாம் மன்னித்தேன், பூ விற்கும் செல்வியைத் தவிர. பத்து வருஷம் என் வண்டியில் கூடையோடு வந்தவள், பஸ் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தாள்: “இன்னாண்ணா, காலியா நிக்கிறீங்க? நீங்களும் ஏறுங்க, உங்களுக்கு மட்டுந்தான் டிக்கெட்டு!”

துரத்தல்

அப்புறம் வந்தது பாருங்கள் காலம்! ஊருக்கு வெளியே செருப்புக் கம்பெனி. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேலை. காலை ஆறு மணிக்கு பைபாஸ் முனையில் கம்பெனி பஸ் நிற்கும். அந்த நேரத்தில் டவுன் பஸ் கிடையாது. நாலு பெண்கள் என் வண்டியில் ஏறினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பழக்கதோஷம், ஐந்தாவது ஆளுக்காக நின்றேன். முனைக்குப் போனபோது பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது.

விடுவேனா? புதிதாக அகலமாக்கிய ரோட்டில் என் கிழட்டு வண்டியை முறுக்கினேன். பெண்கள் கத்தினார்கள், ஹாரன் கத்தியது, நானும் கத்தினேன். அடுத்த நிறுத்தத்தில் பிடித்துவிட்டோம்! இறங்கிய ஒருத்தி, செல்வியின் மகள், சொன்னாள்: “நாளைக்கு வேற ஆட்டோ பாத்துக்கிறோம் மாமா. அந்த பஸ்ஸு ஆளுக்கு நிக்காது, டயத்துக்குத்தான் நிக்கும்.”

சமாதானம்

அந்தச் சவாரியும் போனால் வண்டியை விற்க வேண்டியதுதான். மறுநாள் காலியாக நின்றேன். செல்வியே அந்த நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “உங்க கோவத்த எறக்கி வச்சிட்டு இவங்கள ஏத்திக்கோங்கண்ணா. ஆனா அஞ்சே முக்காலுக்கு வண்டி எடுத்துரணும். எவ வரலன்னாலும் நிக்கக் கூடாது.”

பௌர்ணமி

ஒரு மாதமாக நிமிஷம் தவறவில்லை. போன பௌர்ணமியன்று வண்டியை எடுத்தேன். பக்கக் கண்ணாடியில் செல்வி! கிரிவலக் கூட்டத்துக்கு விற்கப் பூக்கூடையோடு ஓடி வருகிறாள், “ஒரே ஒரு ஆளு, அண்ணா!” என்று. கால் தானாக பிரேக்குக்குப் போனது. பின்சீட்டிலிருந்து அவள் மகள் அதட்டினாள்: “ஓட்டுங்க மாமா, ரூலு போட்டதே அம்மாதான்!” முறுக்கினேன்; கண்ணாடியில் செல்வி சிறுத்துக்கொண்டே போனாள்.

என் பழைய வஞ்சத்தைத் தீர்த்து வைக்க ஒரு செருப்புக் கம்பெனியே வர வேண்டியிருந்தது.