புகையில்லாத மத்தியானம்

கஞ்சிக்கோட்டில் ஆட்டோ ஓட்டும் அந்த அக்காவை நான் முதலில் பார்த்தபோது, ஆட்டோ நிலையத்தில் தன் டீசல் வண்டியின் கண்ணாடியில் படிந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே காற்றுத் தரத்தை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்கா பக்கத்து ஊரான எலப்புள்ளியைச் சேர்ந்தவர், என்னைவிட மூத்தவர். அவருக்கு மூச்சிளைப்பு நோய் இருந்தது. மருத்துவர் புகையை விட்டு விலகச் சொன்னார். தொழிலை விட முடியாது. அதனால் வண்டியை மாற்றினார். நிலையத்தின் முதல் சி.என்.ஜி. ஆட்டோ அவருடையதுதான். எரிவாயு நிரப்ப அவர் வரிசையில் நிற்கும்போது சவாரிகள் மற்றவர்களுக்குப் போயின. “பொகையத் தின்னு பொழைக்கறதுக்கு, வரிசையில நிக்கலாமுங்க” என்பார். அவர் பேச்சைக் கேட்டு ஒவ்வொருவராக மாறினார்கள். காலைநேரத்தில் நிலையத்தைச் சூழ்ந்திருந்த கரும்புகை விலகியது. அவருடைய காலை இருமலும் அடங்கியது.

ஒரு பங்குனி மத்தியானம், சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பியவர் மூச்சு முட்டி இருக்கையிலேயே சாய்ந்துவிட்டார். மருத்துவமனையிலிருந்து வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“ஏனுங்க அம்மணி, பொகையே இல்லியே, அப்பறம் எப்படி மூச்சு முட்டுது? நாஞ்சொல்லி வண்டிய மாத்துனவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?”

ஓசோனைப் பற்றிச் சொன்னேன். அது எந்த வண்டியின் குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை. வண்டிகள் விடும் நைட்ரஜன் வாயுக்களும் எரிபொருள் ஆவியும் மத்தியான வெயிலில் வினைபுரிவதால் அது உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது. சி.என்.ஜி. கரியைக் குறைக்கும், அந்த வாயுக்களை அறவே நிறுத்தாது. ஊரையொட்டிய மலைக்கணவாய் வழியே லாரிகளும் ஓயாமல் போகின்றன.

“அப்ப காலையில செயிச்சோம், மத்தியானம் தோத்துட்டமுங்களா?”

“முழுசாத் தோக்கலீங்கக்கா. கரி போனது போனதுதான்.”

மறுநாள் நிலையத்தில் எல்லோரிடமும் நான் சொன்னதை அப்படியே சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. தான் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பள்ளிக்கும் போய், கோடையில் மத்தியான வெயிலில் நடக்கும் விளையாட்டுப் பயிற்சியைக் காலைக்கு மாற்றும்படி கேட்டார். தலைமையாசிரியை என்னை அழைத்து விசாரித்தபின் மாற்றினார்.

இப்போது அவரிடம் மின்சார ஆட்டோ இருக்கிறது. கோடை மத்தியானங்களில் அது வீட்டு வாசலில் சார்ஜ் ஏறும். அவர் உள்ளே படுத்திருப்பார். போன வாரம், மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“என்ற வண்டி ஒண்ணும் உடறதில்லீங்க அம்மணி. ஊரு வண்டி உடறதத்தான் இழுத்துட்டிருக்கறேன்.”

மருந்துக் குழலை வாயில் வைத்து ஒருமுறை உறிஞ்சிவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.