ஆறடித் தடியோடு பயணம் சொல்லப் போனது

ரொறன்ரோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் மார்கரெட். பன்னிரண்டு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிறோம். ஊருக்குப் போவதற்கு முதல் நாள் என் மனைவி வசந்தி அவருக்குப் பயணம் சொல்லப் போனாள். நானும் பின்னால் போனேன். நாளைக்கு ஊருக்குப் போகிறோம் என்றாள் வசந்தி. நல்லது, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் மார்கரெட். ஒன்றும் வேண்டாம், சொல்லத்தான் வந்தோம் என்றாள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா? எங்களிடம் பூச்செடி இல்லை. பூனைக்குச் சாப்பாடு? பூனையும் இல்லை. அப்படியானால் தபாலா என்று கேட்டுக்கொண்டே அவர் கையை நீட்டினார். பனி கொட்டுகிறது, கதவு திறந்திருக்கிறது, வீட்டுச் சூடெல்லாம் வெளியே போகிறது. வேறு வழி தெரியாமல் வசந்தி எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டுகிற திறப்பை எடுத்து அந்தக் கையில் வைத்துவிட்டாள்.

சும்மா சொல்வதற்காக ஒருவர் வீட்டுக்குப் போவது இங்கே விளங்காத காரியம். நம்மூரில் பயணம் சொல்லுதல் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற, இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தூரதேசம் போகிறவர் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் நேரில் போக வேண்டும். உள்ளே போய்க் கதிரையில் இருக்க வேண்டும். தருகிற தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். பிறகுதான் போகிறேன் என்று சொல்லலாம். நீங்கள் போகப்போவது அந்த வீட்டாருக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். எந்த வானூர்தி, எத்தனை பெட்டி என்பதுகூடத் தெரிந்திருக்கும். அதெல்லாம் கணக்கில் இல்லை. சொல்லாமல் போனவன் போனவன்தான்.

அப்படிப் போனவன் நான். ஏழு வருடத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, நயினாதீவில் இருக்கிற வசந்தியின் தமையன் சிவபாலனுக்குப் பயணம் சொல்லாமல் வந்துவிட்டோம். வசந்தி கெஞ்சினாள். தீவுக்குப் போனால் திரும்பி வருகிற கடைசி லோஞ்ச் படகைத் தவறவிடுவோம், பிறகு கொழும்பு பஸ்ஸைத் தவறவிடுவோம் என்று நேர அட்டவணையைக் காட்டி மறித்தவன் நான். எனக்கு அட்டவணை, விதிமுறை, படிவம் என்றால் ஒரு பிடிப்பு. அன்றிலிருந்து சிவபாலன் எங்களோடு பேசவில்லை. வசந்திக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடென்று இருப்பது அந்தத் தமையனின் வீடு மட்டும்தான். ஏழு வருடமாக அவள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கொரோனா கொஞ்சம் அடங்கிப் பயணங்கள் திரும்பத் தொடங்கிய காலம் அது. எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் மதுரா ஒரு கப்பல் பயணம் ஒழுங்கு செய்திருந்தாள். ஊரில் மூன்று கிழமை நின்று, பிறகு சிங்கப்பூர் போய், நான்கு இரவு உல்லாசக் கப்பலில் இருந்துவிட்டுக் கனடா திரும்புவது திட்டம். கப்பல் விதிகள் பதினொரு பக்கம். ஏறுவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை செய்ய வேண்டும். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவருக்கு இடமில்லை. நான் அதை அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். வசந்தி படிக்கவில்லை. "இந்த முறை அண்ணைக்குச் சொல்லிப்போட்டுத்தான் வருவன். கப்பல் போனால் போகட்டும்," என்றாள்.

சுருவிலில் என் தங்கை வீட்டில் தங்கினோம். மூன்றாவது, கடைசிக் கிழமை பயணம் சொல்லத் தொடங்கினோம். மதுரா தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, ஒருத்தற்றை வீட்டுக்குள்ளையும் போகாதேங்கோ. ஒண்டும் குடிக்காதேங்கோ." ஆகவே ஒரு பூவரசந் தடியை வெட்டி, அளவு நாடா வைத்துச் சரியாக ஆறடிக்கு நறுக்கினேன். வசந்தி உள்ளே போவாள். நான் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வேலிப் படலைக்கு வெளியே நின்று, யாராவது கிட்ட வந்தால் தடியை நீட்டுவேன். சரவணையில் ஒரு பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கனடாவிலை மாடு மேய்க்கிற வேலையோ தம்பி?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

நயினாதீவுக்குப் போன நாளில் குறிகட்டுவான் இறங்குதுறையில் லோஞ்ச் நிறையச் சனம். அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், விகாரைக்குப் போகிறவர்கள், மரக்கறி மூடை, ஒரு சைக்கிள். இடைவெளி என்ற பேச்சே இல்லை. தள்ளி இருக்கச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று இரண்டு மாஸ்க்கையும் கீழே இழுத்துவிட்டுக் கத்தினேன். நோய் எப்படிப் பரவுகிறது என்று கரை சேரும் மட்டும் விளக்கினேன். முன்னாலிருந்த மனிதர் இரண்டு தரம் தும்மிவிட்டு, "ஓம், ஓம், சரியாச் சொல்லுறியள்," என்றார்.

சிவபாலன் வீட்டுப் படலையில் வசந்தி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். சிவபாலன் முற்றத்தில் வள்ளத்து எஞ்சினைப் பிரித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தீவுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவருடைய தொழில்.

"அண்ணை, பயணம் சொல்ல வந்தனான்."

அவர் நிமிரவில்லை. "ஏழு வருசம் பிந்தி வந்திருக்கிறாய், பிள்ளை," என்றார்.

வசந்தி அப்படியே நிலத்தில் குந்தி அழத் தொடங்கினாள். அவர் எண்ணெய்க் கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் முழங்கையால் அவள் தலையைத் தடவினார். அவருடைய மனைவி யோகம் தேத்தண்ணி கொண்டுவந்தார். வசந்தி அழுகையும் தேத்தண்ணியுமாகக் குடித்தாள். நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போக எனக்கும் ஆசைதான். பதினொரு பக்கமும் கண்ணுக்குள் நின்றன.

சிவபாலன் முதல் தடவையாக என் பக்கம் பார்த்தார். பேசியது என்னோடு அல்ல, யோகத்தோடு. "படலையிலை தடியோடை நிக்கிறவர் ஆர்? காணி அளக்க வந்தவரோ?"

"மச்சான், நானும் பயணம் சொல்லத்தான்…" என்றேன்.

"வெளியிலை நிண்டு சொல்லுறது எனக்குக் கேக்காது," என்று அதையும் யோகத்திடமே சொல்லிவிட்டு அவர் எஞ்சினுக்குத் திரும்பினார். நாங்கள் திரும்பி வரும்போது வசந்தியின் முகம் மழை விட்ட வானம்போலப் பாதி வெளித்திருந்தது. மற்றப் பாதிக்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணம் போய்ப் பரிசோதனை செய்தோம். குச்சி மூளைவரை போய் வந்தது. மறுநாள் முடிவு வந்தது. பதினேழு வீட்டுக்குள் போய், பதினேழு தேத்தண்ணி குடித்து, எல்லாரையும் கட்டிப்பிடித்த வசந்திக்கு நோய் இல்லை. ஒரு வீட்டுக்குள்ளும் போகாமல், ஆறடித் தடியோடு வெயிலில் நின்ற எனக்குத்தான் இருந்தது.

மதுரா தொலைபேசியில் அழுதாள். அம்மாவாவது தனியே போகலாமா என்று பார்த்தாள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி. "முப்பது வருசம் இருந்திட்டன் எண்டு போடட்டோ?" என்று கேட்டுவிட்டு வசந்தி போனை வைத்துவிட்டாள். கப்பலைவிட அவசரமான சிக்கல் ஒன்று வந்திருந்தது. தங்கையின் மாமியார் நெஞ்சு நோய்க்காரர். அந்த வீட்டில் நான் நிற்க ஏலாது. விடுதிகள் எங்களை எடுக்கவில்லை. பயணம் சொன்ன பதினேழு வீட்டுக்கும் எப்படித் திரும்பிப் போவது? தாங்கள் வழியனுப்பி வைத்த ஆள் நோயோடு வாசலில் வந்து நின்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? நான் மாமரத்துக்குக் கீழே ஒரு கதிரையில் தனியே இருந்தேன். இந்த மண்ணில் பிறந்த எனக்கு இங்கே படுக்க ஓர் அறை இல்லை என்று நினைத்து மூக்கை உறிஞ்சினேன். அது நோயின் குணமாகவும் இருக்கலாம்.

வசந்தி தமையனுக்குப் போன் எடுத்தாள். அவர் இரண்டே வசனம் பேசினார். "பி.எச்.ஐயிட்டை நான் கதைக்கிறன். பின்னேரம் ஜெற்றிக்கு வாங்கோ." சுகாதாரப் பரிசோதகரிடம் அவர் என்ன பேசினாரோ, தீவில் பத்து நாள் தனிமைக்கு அனுமதி கிடைத்தது.

பொது லோஞ்சில் என்னை ஏற்ற முடியாது. அவர் தன் வள்ளத்தோடு வந்திருந்தார், மூக்கைச் சுற்றிச் சாரத்துண்டு கட்டியபடி. என்னிடமிருந்த தடியை வாங்கி வள்ளத்துக்குள் கிடத்தினார். ஒரு நுனியில் இருக்கும்படி எனக்குக் கையைக் காட்டினார். மறு நுனியில் வசந்தியை இருத்தினார். "ஆறடி. உம்மடை அளவுதான்," என்றார். அது என்னோடு நேரே பேசிய முதல் பேச்சு. நான் நன்றி சொல்ல வாய் திறந்தேன். "வாயை மூடும். போன கிழமை லோஞ்சிலை நீர் கத்தினதிலை அரைவாசித் தீவு இருமுது."

அவர் வீட்டில் எனக்கு ஓர் அறை, வசந்திக்கு ஓர் அறை. படலையில் பி.எச்.ஐ. தனிமைப்படுத்தல் கடதாசி ஒட்டினார். யோகம் மூன்று நேரமும் சாப்பாட்டைக் கதவடிக் கதிரையில் வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போவார். மூன்றாம் நாள் என் தொலைபேசி கிணுங்கியது. மதுரா பயணத்தை நிறுத்திவிட்டாள், ஆனால் கப்பலின் செயலிக்கு அது தெரியவில்லை. உங்களை வரவேற்கிறோம், உங்கள் அறை தயார் என்று எழுதியிருந்தது. சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. யன்னலடியில் சிவபாலனின் குரல் கேட்டது. "என்ன சத்தம்?" சொன்னேன். அவர் போய்விட்டார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, "கப்பல்காரர் இண்டைக்கு இரவு என்ன சாப்பாடாம்?" என்று கேட்டார்.

வாசித்துக் காட்டினேன். வெள்ளை வைனில் வெந்த மீன், காளான் சூப். "இஞ்சை ஒட்டி மீன் குழம்பும் புட்டும். ஓமெண்டா இரும், இல்லாட்டிக் கடலுக்குள்ளை குதியும்."

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். கப்டனோடு விருந்து, நல்ல உடுப்புடன் வரவும் என்று செயலி சொன்ன நாளில், கோயிலுக்குக் கட்டுகிற பட்டு வேட்டியோடு யன்னலடியில் வந்து நின்றார். நடன வகுப்பு என்று வந்த நாளில் அவர் முற்றத்தில் இரண்டு அடி ஆடிக் காட்ட, பக்கத்து அறையிலிருந்து வசந்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்படி அவள் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருடம்.

அன்று பின்னேரம்தான் சொன்னேன். "மச்சான், அண்டைக்குச் சொல்லாமல் போனது அவளின்ரை பிழை இல்லை. நான்தான் மறிச்சனான்."

அவர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கடைசி லோஞ்ச் வாற மட்டும் நான் ஜெற்றியிலை நிண்டனான். யோகம் கணவாய்க் கறி காய்ச்சி வைச்சிருந்தவ. லோஞ்சிலை இருந்து எல்லாரும் இறங்கிச்சினம். ஐயர் இறங்கினார். நீங்கள் இறங்கேல்லை." பிறகு, "பஸ்ஸைப் பிடிச்சீரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அதாவது மிச்சம்," என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணிலிருந்து வழிந்ததற்கு நோயின் மேல் பழிபோட முடியவில்லை.

கப்பல் முடிந்த நாள், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று செயலி கேட்டது. சாப்பாடு, அறை, பணியாளர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன். கப்டனைப் பற்றிக் கருத்து எழுதச் சொல்லியிருந்த இடத்தில், கோபம் இருக்கிறது, ஆனால் ஆளைக் கடலில் விடமாட்டார் என்று எழுதினேன்.

பதினோராம் நாள் பி.எச்.ஐ. வந்து கடதாசியைக் கிழித்தார். பெட்டிகளோடு முற்றத்துக்கு வந்தோம். நான் முன்வாசலால் திரும்ப உள்ளே போய், கதிரையில் இருந்து, யோகம் தந்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். பிறகு எழும்பி, முறையாக, "மச்சான், பயணம் சொல்ல…" என்று தொடங்கினேன். சிவபாலன் கையைக் காட்டி நிறுத்தினார். "பத்து நாள் இந்த வீட்டிலை படுத்து எழும்பின ஆள் பயணம் சொல்லுறேல்லை. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போம்."

சந்தைக்குப் போகிறவர் வீட்டில் சொல்கிற சொல் அது. சொன்னோம். அவர் சரி என்றுவிட்டு எஞ்சினைத் துடைக்கப் போய்விட்டார்.

லோஞ்ச் தீவை விட்டு நகர்ந்த பிறகு, கனடாவுக்குள் நுழைவதற்கான படிவத்தை வசந்தி தொலைபேசியில் நிரப்பத் தொடங்கினாள். நோய் வந்தால் தங்குவதற்கு உங்களுக்குப் பொருத்தமான இடம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. ஓம் என்று போட்டாள். முகவரி கேட்டது. எங்கள் ரொறன்ரோ வீட்டு இலக்கத்தை எழுதினாள். பிறகு அதை அழித்துவிட்டு, நயினாதீவு என்று எழுதினாள். படிவம் சிவப்புக் கோடு போட்டது. அவள் தொலைபேசியை மடியில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தாள். குறிகட்டுவான் கிட்ட வந்துகொண்டிருந்தது, சிவப்புக் கோடு அப்படியே இருந்தது, அந்தக் கட்டத்தை நிரப்பித் தரச்சொல்லி அவள் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். படிவம் என்றால் பிடிப்புள்ளவன்தான் நான். எனக்கும் எதை எழுதுவதென்று தெரியவில்லை.