அண்ணன் வாங்கி வந்த லாக் ரிங்

என் அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பென்ஷனை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? எங்கிருந்தோ ஒரு பழைய லாரியை இழுத்து வந்து கொட்டகையில் நிறுத்தினார். சக்கரத்தில் டயர்கூட இல்லை. இப்படிப்பட்ட வண்டிகளைக் கண்காட்சிக்கு வாடகைக்கு எடுக்கிறார்களாம். "ஓட வச்சுக் காட்டுறேன் பாப்பா" என்றார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். அண்ணி போய்ச்சேர்ந்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவரை விட்டால் எனக்கு நாதியில்லை.

அந்த லாரிக்கு இப்போது யாரும் உதிரிபாகம் செய்வதில்லை. வைத்திருப்பவன் யானை விலை சொல்வான். அண்ணனா அசருவார்? முன்கண்ணாடி ஒருவர் வீட்டு மாடியில் ஜன்னலாக இருந்தது. அவருக்குப் புது ஜன்னல் மாட்டிக் கொடுத்து அதைக் கழற்றி வந்துவிட்டார். ரேடியேட்டருக்காக ஒரு கடைக்காரருக்குச் சம்பளமில்லாமல் வேன் ஓட்டினார். அவர் தலை தெரிந்தாலே பழைய இரும்புக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார்.

கடைசியில் முன்சக்கரம் ஒன்றுக்கு லாக் ரிங் மட்டும் பாக்கி. அந்தக் காலத்துச் சக்கரத்தில் டயரை வெளியே வரவிடாமல் பிடித்து வைப்பது அந்த இரும்பு வளையம்தான். காற்றின் மொத்த பலமும் அதன் மேல்தான். அண்ணன் வேறு கம்பெனி லாரியின் வளையத்தைப் பாதி விலைக்கு வாங்கி, சுத்தியலால் தட்டித் தட்டி உட்காரவைத்துவிட்டார்.

பஞ்சர் கடைக்காரர் வந்தார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, காற்றடிக்க மாட்டேன் என்றார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த ரிங் அந்தச் சக்கரத்தோடது இல்லம்மா. காத்து ஏறும்போது தெறிக்கலேன்னாலும், அடிச்சு முடிச்சுக் கிட்ட போனப்புறம் தெறிக்கும். கொஞ்ச நேரம் யாரையும் பக்கத்துல விடாதீங்க."

அண்ணனிடம் சொன்னேன். கேட்டால்தானே? மறுநாளே காற்றடிக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தார். சக்கரத்தை, வளையம் மேலே பார்க்கக் கிடத்தினார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டார். போய் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"அடிங்க. வெடிச்சா ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

பைத்தியமா உனக்கு என்று கத்தினார். நான் அசையவில்லை. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு குழாய்களை இணைத்து, ஒரு முனையை டயரில் மாட்டிவிட்டு, மெஷினோடு சமையலறைச் சுவருக்குப் பின்னால் வந்தார். நானும் எழுந்து வந்தேன். மெஷின் ஓட ஓட நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெஷினை நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா? அவன் பேச்சைக் கேட்டு என்ன ஆட்டம் ஆடின!" என்று சிரித்தபடி குழாயைக் கழற்றக் கிளம்பினார். அடுப்பிலேயே வைத்திருந்த டீயைக் கொதிக்கக் கொதிக்க அவர் கையில் கொடுத்தேன். வேண்டுமென்றேதான் அவ்வளவு சூடாக வைத்திருந்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டுப் போகிற ஜென்மம் இல்லை அவர். ஊதி ஊதிக் குடித்தார். பாதி குடித்திருப்பார்.

வெடித்த சத்தத்தில் சுவரே அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். கொட்டகையின் தகரக் கூரையில் பெரிய ஓட்டை. ஸ்டூலுக்கு ஒரு கால்தான் மிச்சம். குனிந்து குழாயைக் கழற்றியிருந்தால் அவர் முகம் அங்கேதான் இருந்திருக்கும். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் போய், கூரைக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்த வளையத்தை எடுத்து வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோணக்கூட இல்ல பாப்பா. திருப்பிக் குடுத்தா வித்தவன் பாதிக் காசாவது தருவான்."

"அப்புறம் அதை எவளோட அண்ணன் வாங்குவான்?" என்று கேட்டேன்.

அவர் வளையத்தை என் மடியில் வைத்துவிட்டு, ஆறிப்போன மீதி டீயைக் குடிக்க உள்ளே போனார்.