மூப்பரின் உபவாசமும் என் தொண்டையும்

இந்த ஊரில் யாரும் தண்ணீர் கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை. ஸ்காட்லாந்துக்கு வந்து மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. எந்த வீட்டு வாசலில் கால் வைத்தாலும் உடனே கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். மழை பெய்தால் டீ, வெயில் அடித்தால் அந்த அதிசயத்துக்காக ஒரு டீ, யாராவது இறந்துபோனால் இரண்டு டீ. குழாயைத் திறந்தால் பல் கூசுகிற நல்ல தண்ணீர் கொட்டுகிறது. அதை உருளைக்கிழங்கு கழுவத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருக்கோடியில் உள்ள ஆலயத்து ஹாலில் புதன்கிழமைதோறும் பெண்கள் கூடுவோம். எல்லோருக்கும் நீல விளிம்பு வைத்த வெள்ளைக் கோப்பையில் டீ வரும். எனக்கு மட்டும் ஒரு பச்சைக் கோப்பை. அதை அலமாரிக்கு வெளியே தனி ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். தூரதேசத்துக்காரி என்று விசேஷ மரியாதை செய்கிறார்கள் என நினைத்து, நானும் ஒவ்வொரு முறையும் பல்லெல்லாம் தெரிய நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மினிஸ்டரின் மனைவி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். மினிஸ்டர் என்றால் மந்திரி இல்லை, நம் ஊர்ப் பாதிரியாரைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். சண்டே ஸ்கூல் பொடிசுகளுக்கு வேதக் கதைகளை நடித்துக் காட்டப் போகிறார்களாம். கிணற்றடியில் ஆண்டவருக்குத் தண்ணீர் கொடுக்கும் சமாரியாப் பெண்ணாக நான் வரவேண்டுமாம். "உங்களுக்கு நடிக்கவே வேண்டாமே, உங்கள் ஊரில் எல்லாம் இன்னும் வேதகாலம் மாதிரியே இருக்குமல்லவா?" என்றாள். எங்கள் விழுப்புரம் ஜங்ஷனில் நாலு திக்கும் ரயில் போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு ரயில் ருசிக்கவில்லை. "கிணறு இருக்கும்தானே? பெண்கள் குடத்தில் தண்ணீர் எடுப்பார்கள்தானே?" என்றாள். "சிலர் எடுப்பார்கள்" என்றேன். "மற்றவர்கள் சோம்பேறிகளா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் கூடச் சிரித்து வைத்தேன். அந்த "சிலர்" என்ற சொல்லை அவளுக்கு விளக்க ஒரு கெட்டில் டீ போதாது.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் வீடு விழுப்புரத்தில். முகையூர்ப் பக்கம் எங்களுக்கு வேர்க்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லை உண்டு. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானத்தில் பழைய பெயர்களை விட்டோம், பழைய கும்பிடுகளை விட்டோம், பழைய சாதியை மட்டும் துணியில் முடிந்து பத்திரமாக எடுத்து வந்துவிட்டோம். கூலியாட்கள் தண்ணீர் குடிக்க எங்கள் கொல்லை வேலியில் நாலு கொட்டாங்கச்சி தனியே மாட்டியிருக்கும். வீட்டுச் சுவரில் வசன காலண்டர், கொல்லை வேலியில் கொட்டாங்கச்சி. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்ததில்லை.

உலகச் சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்னால், டீச்சர் பயிற்சி முடித்துத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வெளியே இருந்த சேரிக்குப் போய்ச் சிறு குழந்தைகளுக்கு வேதக் கதை சொல்வதும் என் வேலை. எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார துரைசானியம்மா ஒரு படச்சுருளும் சின்னப் புத்தகம் ஒன்றும் கொடுத்திருந்தார். படத்தில் ஆபிரகாம் முதல் அப்போஸ்தலர் வரை எல்லோரும் ரோஜாப்பூ நிறம். புத்தகத்தில், குழந்தைகளுக்குக் கதை சொல்வது எப்படி என்று விதிகள். ரத்தம் வந்தால் தாண்டிவிடு. வாக்கியத்தைச் சின்னதாக்கு. கடைசியில் ஒவ்வொரு குழந்தையிடமும், "இந்தக் கதையில் நீ யார்?" என்று கேள். அந்தக் கடைசி விதியை எழுதியவர் எந்தச் சேரிக்கும் போனவரில்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

நோவாவின் கதையைச் சொன்னேன். நாற்பது நாள் மழை என்றதும் ஒரு பையன், "எங்க ஊடு ரெண்டு நாளுக்கே வுழுந்துடும் டீச்சர், நாப்பது நாளு எதுக்கு?" என்றான். கெட்ட குமாரன் பன்றிக்கூட்டத்தில் கிடந்தான் என்று நான் உருக்கமாகச் சொன்னபோது, பன்றி வளர்க்கும் வீட்டுப் பெண் எழுந்து, "எத்தினி பன்னி டீச்சர்?" என்று ஆசையாகக் கேட்டாள். வானத்திலிருந்து விழுந்த மன்னா கேப்பையா அரிசியா என்று அரைமணி நேரம் வழக்கு நடந்தது. நான் மரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்து, நடுநடுவே என் பித்தளைக் கூஜாவிலிருந்து தண்ணீர் குடித்துக்கொள்வேன். கூஜா வீட்டிலிருந்து என்னோடு வரும், என்னோடு திரும்பிப் போகும். தொண்டைக்கு நல்லது என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் சலோமி என்று ஒருத்தி. ஆறேழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. கதையை அவள் காதால் கேட்பதில்லை, கண்ணால் விழுங்குவாள். சமாரியாப் பெண்ணின் கதை சொன்ன அன்று, சபை மூப்பர் ஞானாபரணம் ஐயா மேற்பார்வை பார்க்க வில்வண்டியில் வந்திருந்தார். நிலபுலம் உள்ளவர், ஜரிகை அங்கவஸ்திரக்காரர், ஜெபத்தில் அழக்கூடியவர். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கதை முடிந்ததும் அவரே எழுந்து, யாரும் தொடாத பெண்ணிடம் ஆண்டவர் கை நீட்டித் தண்ணீர் கேட்டாரே, என்ன தாழ்மை, என்ன தாழ்மை என்று குரல் தழுதழுத்தார். நான் விதிப்படி, "இந்தக் கதையில நீ யாரு?" என்று கேட்டேன். சலோமி, "நான் தான் டீச்சர் தண்ணி குடுக்கறவ!" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். திரும்பி வரும்போது கையில் அலுமினியக் குவளை, தளும்பத் தளும்பத் தண்ணீர். நேராக மூப்பரிடம் நீட்டினாள்.

"குடிங்க ஐயா. மூஞ்செல்லாம் வேத்துக்கினு இருக்குது பாருங்க."

மூப்பர் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார், வண்டிமாட்டைப் பார்த்தார், பரலோகத்தைப் பார்த்தார். "நான் இன்னைக்கு உபவாசம்மா" என்றார். குழந்தைகள் வாயைப் பிளந்தன. எனக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. படச்சுருளால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வினை அத்தோடு விட்டதா? அடுத்த மாதம் அவர் வந்தபோது சலோமி குவளையோடு காத்திருந்தாள். "ஐயா, உபவாசம் முடிஞ்சிச்சாங்களா?" இன்னும் இல்லை என்றார். அதற்கடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில். சேரி முழுக்க மூப்பரின் பக்தி பரவிவிட்டது. சலோமியின் அம்மா என்னிடமே வந்து, "இன்னாமா பக்தி டீச்சரம்மா அந்த ஐயாவுக்கு! மாசக்கணக்கா பச்சைத் தண்ணி பல்லுல படல. ஆனா ஒடம்பு மட்டும் ஏறிக்கினே போவுதே!" என்றாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. அவள் நம்பினாளா நக்கலடித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அறுப்பின் பண்டிகை வந்தது. திண்டிவனத்தில் ஆலயத்தின் முன் பந்தல் போட்டுச் சாப்பாடு. முன் வரிசையில் எங்கள் ஆட்கள். கடைசியில் தென்னங்கீற்று மறைப்புக்கு அப்பால் சேரிச் சபையார். விழுப்புரத்திலிருந்து என் அம்மா வந்திருந்தாள். என்னைப் பெண் பார்க்கும் வீட்டுக்காரர்களையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். மூப்பர் பிரியாணியில் முழங்கை வரை இறங்கியிருந்தபோது மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கூவியது: "ஐயா உபவாசத்த முடிச்சிட்டாரு!" சலோமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குவளையைத் தூக்கிக்கொண்டு பந்தலின் நடுவே ஓடி வந்தாள். அவளைக் கண்ட அதிர்ச்சியில் மூப்பருக்குச் சோறு புரைக்கேறி, விக்கலும் பிடித்துக்கொண்டது.

"ஜல்தி குடிங்க ஐயா! விக்கிக்கினு இருக்கறீங்களே!"

"வேணா... விக்... வேணாம்மா... விக்."

கண்ணில் நீர் வழிய மூப்பர் விக்கினார். குழந்தை குவளையை நீட்டியபடி நின்றாள். மறைப்புக்கு மேலே சேரித் தலைகள் எட்டிப் பார்த்தன. சலோமி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். "டீச்சர், நீங்களாச்சும் குடிங்க."

அம்மா பார்க்கிறாள். வந்த வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். குழந்தை பார்க்கிறாள். நான் குவளையை வாங்கினேன். தலையை நன்றாக அண்ணாந்து, நம் வழக்கப்படி உதடு படாமல் உயரத் தூக்கி ஊற்றினேன். வாயைப் பாதி மூடிக்கொண்டேன். தண்ணீர் முழுவதும் மோவாய் வழியாக ஓடிப் புடவையில் இறங்கியது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பாதிரியார் பரவசமாகி, "பாருங்கள், இதுவல்லவோ கிறிஸ்தவ அன்பு!" என்றார். கைதட்டினார்கள். அம்மாவின் முகம் கொஞ்சம் கறுத்துப் பின் தெளிந்தது. நான் குடிக்கவில்லை என்பதை என் நனைந்த புடவை அவளுக்குச் சொல்லிவிட்டது. நானும் மற்ற எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெரியவர்கள் நின்று பார்க்கும் இடம் வேறு, அரையாள் உயரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவளின் இடம் வேறு. காலிக் குவளையைத் திருப்பி வாங்கும்போது சலோமி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"டீச்சர், உங்க தொண்ட ஆடவே இல்ல."

அதில் கோபமில்லை. கோபித்திருந்தால் பிழைத்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஐந்து அப்பம் இரண்டு மீன் கதை. ஐயாயிரம் பேரும் புல்லில் வரிசையாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டதைச் சொல்லி, வழக்கம்போல ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தேன். சலோமியின் முறை வந்தது. "இந்தக் கதையில நீ யாரு சலோமி?" அவள் மண்ணைக் கிளறிக்கொண்டே, "நான் கதையில இல்ல டீச்சர். சும்மா பாத்துக்கினு இருக்கறேன்" என்றாள். அதற்குப் பின் நான் எத்தனை கதை சொன்னேனோ, அத்தனைக்கும் அவளுடைய பதில் அதுதான். தண்ணீர்க் குவளை திரும்ப வரவேயில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதேனே தவிர, மறு ஞாயிறும் கூஜாவைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். தை பிறந்ததும் கல்யாணம், டாக்டர் மாப்பிள்ளை, பிறகு சண்டை, அவருக்குப் பட்டாளத்து வேலை, கப்பல், ஸ்காட்லாந்து.

போன ஞாயிறு நாடகம் நடந்தது. அட்டையில் கிணறு, பெயிண்ட் அடித்த பேரீச்சமரம், என் கூறைப்புடவையில் நான். ஆண்டவராக வந்தவர் இந்தச் சபையின் எல்டர். நம் பாஷையில் மூப்பர் என்று நான் தனியாகச் சொல்லவேண்டுமா? ஆட்டுத்தாடி வைத்த, நல்ல சிவந்த மனிதர். குடிக்கத் தண்ணீர் தா என்று கை நீட்டினார். ஒத்திகையில் வெறும் கோப்பை; அன்றைக்குக் குழந்தைகளுக்கு நிஜமாக இருக்கட்டும் என்று குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். கோப்பைக்காக யாரோ அவசரத்தில் ஆணியிலிருந்த என் பச்சைக் கோப்பையை எடுத்து வைத்திருந்தார்கள். ஊற்றிக் கொடுத்தேன். எல்டர் அந்தக் கோப்பையைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தலையைச் சாய்த்து, கோப்பையை உதட்டுக்கு ஒரு நூல் தள்ளி நிறுத்தி, கண்ணை மூடி, "ஆ!" என்றார். நான் தொண்டையைப் பார்த்தேன்.

ஆடவில்லை.

பச்சைக் கோப்பையின் மரியாதை என்ன மரியாதை என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. வேலியில் கொட்டாங்கச்சி மாட்டிய வீட்டுப் பெண்ணுக்கு ஆணியில் மாட்டிய கோப்பை புரிய மூன்று வருஷம் ஆயிற்று, கேட்டீர்களா கூத்தை! கோபம் பொங்கியது. பொங்கிய வேகத்திலேயே அடங்கியும் போனது. அந்த வித்தையை அவரைவிட நேர்த்தியாகச் செய்தவள் நான். "உபவாசமா?" என்று அவர் காதருகே இங்கிலீஷில் கேட்டேன். "இல்லை இல்லை, இப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்" என்று அன்பாக என் தோளைத் தட்டினார்.

மினிஸ்டரின் மனைவி முன்னால் வந்து குழந்தைகளிடம், "சரி, இந்தக் கதையில் நீங்கள் யார்?" என்று கேட்டாள். அதே விதிப்புத்தகம் இங்கேயும் இருக்கிறதுபோலும். அத்தனை பொடிசுகளும் ஆண்டவராக இருக்கவே கை தூக்கின. ஒரு பையன் மட்டும் பேரீச்சமரம் என்றான்.

எல்டர் வைத்துவிட்டுப் போன பச்சைக் கோப்பை, ஊற்றியபடியே நிறைய, கிணற்று அட்டையின் மேல் இருந்தது. எடுத்தேன். உதட்டை வைத்து, அண்ணாந்து ஊற்றாமல், மடக்கு மடக்காகக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். பல் கூசியது. என் தொண்டை நன்றாக ஆடியது. முன் வரிசைக் குழந்தைகள் பேரீச்சமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பார்க்க வேண்டியவள் திண்டிவனத்தில் இருக்கிறாள்.