ஏரிக்குப் பஸ்ஸில் போன மீன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வழக்கத்துக்கு மாறாக, கையில் மீன் இல்லாமல் மீன் பிடிக்கப் போனோம்.

இந்த வாக்கியத்தில் அச்சுப்பிழை ஏதும் இல்லை. அதற்கு முந்தைய ஞாயிறுகளில் எல்லாம் நானும் நண்பர் பாயும் விருத்தாசலம் மார்க்கெட்டில் ஒரு மீனை வாங்குவோம். ஐஸ் போட்டு, தினசரித் தாளில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்து, பஸ் ஏறி, ஏரிக்குக் கொண்டுபோவோம். அங்கே அதைப் பிடிப்போம். அதாவது, கையில் பிடிப்போம். படம் எடுப்போம். பிறகு அதே மீனை அதே கூடையில் வைத்து, அடுத்த பஸ்ஸில் ஊருக்கு அழைத்து வருவோம். மாலையில் குழம்பாகப் போகிற மீன், அதற்கு முன் ஒருமுறை ஏரியைப் பார்த்துவிட்டு வரும்.

ஏன் இந்த வீண் அலைச்சல் என்று நீங்கள் கேட்பது நியாயமே.

பாய், ஜங்ஷன் ரோட்டில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தவர். நான் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் சூளை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் சூளையில் வெந்த ஃபியூஸ் கட்டைகளை அவர் விற்றார்; விரிசல் கண்டவற்றைத் திருப்பி அனுப்பினார். விரிசல் சூளையில் விழுந்ததா, அவர் கடைப் பையன்கள் கீழே போட்டு விழுந்ததா என்கிற விவாதம் இன்றுவரை முடியவில்லை. எங்கள் நட்புக்கு அதுதான் அடிப்படை.

சென்ற ஆண்டு அவருடைய மனைவி காலமானார். பாய் கடையைத் தங்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. தெருமுனை டீக்கடைக்குக்கூட வரமாட்டார். கேட்டால், முட்டி வலி என்பார்.

மகள் பர்வீன் தாம்பரத்தில், அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அத்தாவைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லி, ஓர் அறையை ஒழித்து ஏ.சி.யும் மாட்டிவிட்டார். பாய்க்கு அதில் சம்மதமே இல்லை.

"அங்க லிஃப்ட்டுல ஏறுறதும் எறங்குறதும்தான் வேல, மேஸ்திரி. பக்கத்து வூட்டுக்காரன் பேரு கதவுலதான் இருக்குது. ஆளு கண்ணுல படமாட்டான். கட்டய என்னோட மண்ணுல வச்சா போதும்னு இருக்குது."

மகன் சலீம் துபாயில் வேலை பார்க்கிறார். அவர்தான் ஒரு வழி சொன்னார். நீளமான, மடக்கிவைக்கக்கூடிய, சக்கரம் வைத்த தூண்டில் ஒன்றை அனுப்பிவைத்து, போனில் சொன்னார்: "அத்தா, வாரா வாரம் இத எடுத்துக்கிட்டு வெளிய போங்க. போட்டோ அனுப்புங்க. வூட்டுக்குள்ளயே கெடந்தீங்கன்னா, நான் லீவுல வரும்போது நானே தாம்பரத்துல கொண்டு வுட்டுட்டுத்தான் திரும்புவேன்."

முதல் ஞாயிறு போனோம். பாய் தூண்டிலை வீசினார். முள் என் தோள் துண்டில் மாட்டியது. இரண்டாவது வீச்சுக்கு நான் அனுமதி தரவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். ஆனால், மீன் இல்லாத படத்தை மகன் ஒப்புக்கொள்வானா? பாய்க்கு அந்தக் கவலை வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து கட்லா எங்களோடு பயணம் செய்யத் தொடங்கியது.

பஸ் கண்டக்டர் ஒருவர் எங்களை நன்கு அறிவார். "எல்லாரும் அங்கேருந்து மீன் கொண்டாருவாங்க. நீங்க என்ன பாய், இங்கேருந்து ஏத்திக்கிட்டுப் போறீங்க? தண்ணி காட்டவா?" என்பார். பாய் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

இப்படியே கார்த்திகை போயிற்று, தை போயிற்று... கத்திரி வெயிலும் வந்தது. கூடவே சலீமும் லீவில் வந்தார். வந்த மறுநாளே சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழம மூணு பேரும் மீன் புடிக்கப் போறோம். அத்தா எப்படிப் புடிக்கிறாருன்னு நான் நேர்ல பாக்கணும்."

பாய் அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தார். முட்டி வலியைக் குறிப்பிடவில்லை.

"மேஸ்திரி, நம்ம பக்கம் இந்த வெயில்ல எங்கனாச்சும் நெசமாவே மீன் மாட்டுமா?"

இதே கேள்வியைச் சில வாசகர்களும் என்னிடம் கேட்டிருப்பதால், அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் பதிவு செய்கிறேன்.

மணிமுக்தாறு: இங்கே மீன் பிடிக்க விரும்புவோர் முதலில் ஆற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் மணலும் சீமைக்கருவேலமும் தெரிகின்றன. நடுவே ஆடுகள் மேய்கின்றன. ஆடு பிடிக்க உகந்த இடம்.

கம்மாபுரம் பக்கத்து வாய்க்கால்: நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் கோடையிலும் ஓடுகிறது. கெளுத்தி கிடைப்பதாகக் கேள்வி. ஆனால், சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது தொடர்வதால், உட்காரப் போகும் கரை இன்றைய தேதியில் யாருடையது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். போன வருடம் அங்கே நெல் விளைவித்தவர்களுக்கே அது உறுதியாகத் தெரியவில்லை.

வெள்ளாறு, சேத்தியாத்தோப்பு: அணைக்கட்டுக்குக் கீழே கணுக்கால் அளவுக்கு ஒரு மடு மிச்சம் இருக்கிறது. அதில் உள்ள மீன்கள் விரல் நீளம். அவற்றைப் பிடிக்க ஏற்கெனவே கொக்குகள் வரிசையில் நிற்கின்றன.

மிச்சம், நாங்கள் வாரா வாரம் மீனோடு போய்வரும் வீராணம் ஏரி. தண்ணீர் வெகுவாக உள்வாங்கிவிட்டது, ஆனாலும் இருக்கிறது. வெயில் ஏறிவிட்டால் மேல்தண்ணீர் சுட்டு மீன் ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே அதிகாலையிலேயே போய்விட வேண்டும். மண்புழு தேடி மண்ணைக் கிளறுவது வீண். அது நமக்கு முன்பே ஈரம் தேடிப் போய்விட்டது. மைதா மாவு உருண்டைக்கு ஜிலேபி மீன் வரலாம்.

பாய் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "வீராணத்துத் தண்ணியவே கொழா போட்டு மெட்ராஸுக்குக் கொண்டு போறாங்க. மீன் மாட்டலன்னா, அது பின்னாடியே நானும் போவ வேண்டியதுதான்."

ஞாயிறு முதல் பஸ். நான், பாய், சலீம். கூடையில் மைதா மாவும் தண்ணீர் பாட்டிலும் மட்டும். அதே கண்டக்டர் வந்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், இன்னிக்கு மீன் டிக்கெட் எடுக்கலியா?"

பாய் ஜன்னலுக்கு வெளியே கம்மாபுரத்தைப் பார்த்தார். கம்மாபுரம் இன்னும் வரவில்லை. நான் சில்லறை தேடினேன். சில்லறை கையிலேயே இருந்தது. சலீம் மட்டும் அமைதியாகச் சிரித்துக்கொண்டு, "அண்ணே, மூணு சேத்தியாத்தோப்பு" என்றார்.

சேத்தியாத்தோப்பில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஏரிக்கரைக்குப் போனோம். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்த களிமண். என் தொழிற்கண்ணுக்கு அது நல்ல மண், ஈரப்பதம்தான் போதாது. பாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி முன்னால் நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். சலீம் இரண்டு முறை வெடிப்பில் கால் தடுக்கி விழுந்தார்.

தண்ணீர் ஓரத்தில் தூண்டிலை விரித்தார் பாய். பிஸ்மில்லா சொல்லி வீசினார். நான் முன்னெச்சரிக்கையாக உட்கார்ந்துவிட்டேன். முள் இம்முறை தண்ணீரிலேயே விழுந்தது. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது.

வெயில் ஏறியது. தக்கை அசையவில்லை. பாயின் நெற்றியில் வியர்வை. அது வெயிலால் மட்டும் வந்ததல்ல என்பது எனக்குத் தெரியும். மதியத்துக்குள் ஒரு மீன் வராவிட்டால், தாம்பரத்து அறைக்குள் ஏ.சி. ஓடத் தொடங்கிவிடும்.

சலீம் போனை எடுத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"அத்தா, போன மாசம் ஒரு கட்லா புடிச்சீங்களே... அதுக்குச் செதிலே இல்லியே?"

பாய் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெயில் காலத்துல கொட்டிடும்."

"துடுப்பெல்லாம் கத்திரியால வெட்டுன மாதிரி இருந்துச்சு."

பாய் என்னைப் பார்த்தார். ஆபத்துக் காலத்தில் உதவாத நட்பு என்ன நட்பு?

"இந்த ஏரியில் ஆமை அதிகம்" என்றேன்.

உண்மை இதுதான். மார்க்கெட்டில் எங்களுக்கு மீன் தருகிற அஞ்சலை, வேலையில் சுத்தமானவர். மீனை எடை போட்ட கையோடு செதிலைத் தேய்த்து, துடுப்பை நறுக்கித்தான் பையில் போடுவார். நாங்களும் தலைமுறை தலைமுறையாக அப்படி வாங்கியே பழகியவர்கள். உயிரோடு ஏரியிலிருந்து வரும் மீனுக்குச் செதில் இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

சலீம் போனை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாமா, எங்க ரூம்ல பரங்கிப்பேட்டைக்காரர் ஒருத்தர் இருக்காரு. மொத மீனைப் பாத்தவுடனே சொல்லிட்டாரு, 'தம்பி, உங்கத்தா புடிச்ச மீனு கொழம்புக்கு ரெடியா வந்துருக்கு'ன்னு. தூண்டில் கைப்புடியப் பாருங்க. நான் அனுப்புன பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரிக்கல."

உண்மைதான். புதுப் பொருளின் உறையைப் பிரிப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. பாயின் வீட்டு டி.வி. ரிமோட் இன்னும் அதன் உறையில்தான் இருக்கிறது.

"எப்ப கெளம்பணும் தாம்பரத்துக்கு?" என்றார் பாய். குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. விரிசல் விழுந்த ஃபியூஸ் கட்டைக்கே இவர் இதைவிட அதிகமாக வாதாடுவார்.

சலீம் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

"இங்க பாருங்கத்தா. இது கார்த்திகையில. கரை மேலயே நிக்கிறீங்க, காலுக்குக் கீழ தண்ணி. இது தையில; கல்லு வரிசைக்குக் கீழ எறங்கிட்டீங்க. இது பங்குனியில... கரையே உங்களுக்குப் பின்னாடி சின்னதா தெரியுது. இது போன வாரம். ஏரிக்கு நடுவுல நிக்கிறீங்க. தண்ணி எறங்க எறங்க நீங்களும் அது பின்னாடியே எறங்கிப் போயிருக்கீங்க. நானே இன்னிக்கு ரெண்டு தடவ தடுக்கி வுழுந்தேன். முட்டி வலிக்காரரு இப்படி நடக்க முடியுமா?"

பாய் படத்தைப் பார்த்தார். தன்னைத் தானே முதன்முறையாகப் பார்ப்பவர் போல் இருந்தது.

"மீனை நான் ஒரு நாளும் பாக்கலத்தா. பின்னாடி எவ்ளோ தூரத்துல கரை இருக்குன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். துபாய்ல ஏறுன ஃப்ளைட்டுலகூட அதத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன். தாம்பரத்துக்கு யாரும் போவ வேணாம். பர்வீன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இவ்வளவு மாதங்களாக அந்தப் படங்களை எடுத்தவன் நான். மீன் முழுதாக வர வேண்டும், பாயின் முகம் தெரிய வேண்டும், என் கட்டைவிரல் தெரியக் கூடாது — இவற்றில்தான் என் கவனம் இருந்தது. பின்னால் கரை விலகிக்கொண்டே போனதை நான் கவனிக்கவே இல்லை. கடல் தாண்டி இருப்பவர்கள் படத்தைப் பார்க்கும் விதமே வேறு போலும். நாம் நடுவில் எதைத் தூக்கிப் பிடித்தாலும், அவர்கள் ஓரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அப்போது தக்கை அமிழ்ந்தது.

"அத்தா, இழுங்க! இழுங்க!"

"எந்தப் பக்கம்டா சுத்தணும் இத?"

"தெரியாது! கடைக்காரன் சொன்னான், மறந்துட்டேன்!"

சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்றுவது என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை. இறுதியில் பாய் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கரையை நோக்கித் திரும்பி நடக்க ஆரம்பித்தார். நூலின் மறுமுனையில் மீனும் வேறு வழியின்றி அவரைப் பின்தொடர்ந்து மண்ணுக்கு வந்தது. ஜிலேபி. உள்ளங்கை அளவு. செதில், துடுப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

பாய் அதை இரண்டு கைகளாலும் ஏந்தினார். சலீம் படம் எடுத்தார். தங்கைக்கு உடனே அனுப்பினார். பத்தாவது நிமிடம் தாம்பரத்திலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னாச்சு அத்தாவுக்கு?" பர்வீனின் குரலில் பதற்றம். "வாரா வாரம் எவ்ளோ பெரிய மீனா புடிப்பாரு! இன்னிக்கு இத்துனூண்டு புடிச்சிருக்காரே, ஒடம்புக்கு முடியலியா? அண்ணே, நீ பேசாம இங்க கூட்டியாந்துடு. ரூமெல்லாம் ரெடியா இருக்கு!"

அண்ணன் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். தங்கை சமாதானம் ஆகவில்லை. வாங்கிய மீன்களை எல்லாம் நம்பியவர், பிடித்த மீனைக் கண்டு கலங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு வரும் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு நின்றது.

சலீம் புதன்கிழமை விமானம் ஏறிவிட்டார். போகும்போது அத்தாவின் காதில் ஏதோ சொன்னார். பாய் தலையை ஆட்டிக்கொண்டார்.

இன்று ஞாயிறு. காலையில் மார்க்கெட்டுக்குப் போனோம். அஞ்சலை நல்ல கட்லா ஒன்றைத் தூக்கித் தராசில் போட்டார். செதில் தேய்க்கக் கத்தியை எடுத்தார். பாய் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"தேய்க்காதம்மா! துடுப்பையும் வெட்டாத. அப்படியே முழுசா குடு."

அஞ்சலை பாயைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், கூடைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த தூண்டிலைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"போட்டோவுக்குன்னு மொதல்லயே சொல்ல வேணாமா, பாயி? துள்ளுறதா பாத்து எடுத்து வச்சிருப்பேனே!"