‘நாங்க’ பார்த்த ரங்கூன்

ரங்கூனை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊரில் டிராம் எந்த முனையில் திரும்பும், ஏரியில் எந்தப் பக்கம் படகு கிடைக்கும், தங்கக் கோபுரத்துக்கு எந்த வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். எல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்ததுதான். அவர் அங்கே குடும்பத்து வட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் அரிமளத்துக்கு வந்து சில மாதம் இருப்பார். பெண்டாட்டியை அக்கரைக்குக் கூட்டிப்போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கப்பல் ஏறுவது ஆம்பிளைக்கு, காத்துக் கிடப்பது பொம்பிளைக்கு. இப்படி வகுத்தவன் நாசமாய்ப் போக.

எனக்குப் பிள்ளை இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுகிற புருஷனை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படி வரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். மாமியார் பொன்னமராவதியிலிருந்து வைத்தியரை வரவழைத்தார். தினமும் வெறும் வயிற்றில் கஷாயம். அதைக் குடித்தால் மத்தியானம் வரை சோறு இறங்காது. விசேஷ வீடுகளில் ஆரத்தி எடுக்க என்னைத் தவிர எல்லாரையும் கூப்பிடுவார்கள்.

எங்களில் பிள்ளை இல்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பையனைத் தத்து எடுப்பார்கள். பிள்ளை கூட்டுவது என்று அதற்குப் பெயர். எனக்கு அது போதும். யார் பெற்றால் என்ன, வீட்டுக்குள் ஒரு பிள்ளை என்னை ‘ஆத்தா’ என்று கூப்பிட்டால் சரி என்றிருந்தேன். ஆனால் புருஷன் சம்மதித்துப் பக்கத்தில் உட்காராமல் அது நடக்காது. அவரோ ஒவ்வொரு தடவையும், “இப்ப என்ன அவசரம்?” என்று கப்பல் ஏறிவிடுவார்.

முப்பத்தொன்பதாம் வருடம் வந்திருந்தபோது ஊர்க்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து கதை கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஞாயித்துக்கெழமையானா நாங்க மிருகக் காட்சிச் சாலைக்குப் போயிருவோம். நாங்க போனா யானைக்குக் கரும்பு குடுக்காம வர மாட்டோம். ஏரிக்கரையில ராட்டினம் ஒண்ணு இருக்கு பாருங்க, ஏறிட்டா எறங்க மனசே வராது.”

நெற்றி நிறைய விபூதியோடு வட்டிக்கடைக்காரர்கள் ராட்டினத்தில் சுற்றுவதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்: “நாங்கன்னா யாருங்க?”

“கடை ஆளுகதான். வேற யாரு?”

‘நாம’ என்று சொன்னால் கேட்கிறவளுக்கும் உள்ளே ஓர் இடம் உண்டு. ‘நாங்க’ என்றால் நீ வெளியே நில் என்று அர்த்தம். அது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கடை ஆட்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே என்று என்னையே கேலி செய்துகொண்டேன்.

அடுத்த வருடம் அதே கடையின் அடுத்தாள், அதாவது இவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர், ஊருக்கு வந்தார். வீட்டுக்குச் சாமான் கொண்டு வந்தவருக்கு இலை போட்டேன். பரிமாறிக்கொண்டே, “ராட்டினமெல்லாம் சுத்துறீகளாமே?” என்றேன்.

“ராட்டினமா? எங்களுக்கு ஏது ஆச்சி நேரம்? ஞாயித்துக்கெழமையும் பெட்டியடியில ஒக்காந்து கணக்குதான். தங்கக் கோபுரத்தையே நான் தூர நின்னு பாத்ததோட சரி.” சொன்ன பிறகுதான் அவருக்குப் புத்தியில் தட்டியது. இலையைப் பார்த்துக் குனிந்தவர், ரசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் பிழைப்புத்தான் சந்தி சிரிக்கும்.

பிறகு யுத்தம் அங்கேயும் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்த பின், கிடைத்த கப்பலில் அவர் உடுத்திய வேட்டியோடு வந்து சேர்ந்தார். தப்பி வந்தாரே என்று ஊரே கொண்டாடியது. அவர் மட்டும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். “அவளைக் கூட்டிக்கிட்டு எங்கிட்டாச்சும் போயிட்டு வாப்பா” என்று மாமியார் நச்சரித்ததில், ஒருநாள் வண்டி கட்டித் திருமயம் கோட்டைக்குப் போனோம். என் புருஷன் எனக்குச் சுற்றிக் காட்டிய ஒரே இடம் அதுதான்.

மேலே பீரங்கி இருக்கும் மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. முன்னால் நடந்தவர், “அந்தா பாரு, பீரங்கி!” என்று சொல்லித் திரும்பாமலே பின்னால் கையை நீட்டினார். பெண்டாட்டியின் கையைப் பிடிக்கிற உயரத்தில் அந்தக் கை இல்லை. அவர் தொடைக்குப் பக்கத்தில், தாழ்ந்து, விரல்களை விரித்து நின்றது.

“எத்தனை வயசு?” என்றேன்.

கையை இழுத்துக்கொள்ளவில்லை அவர். “ஆறு” என்றார்.

“பொண்ணா?”

“ம். கப்பல்ல எடம் இல்லேன்னுட்டான். அதைப் பெத்த ஆத்தாகிட்டயே விட்டுட்டு வந்துட்டேன். உசிரோட இருக்கோ என்னவோ.” அப்படியே பாறையில் உட்கார்ந்து அழுதார். முகம் தெரியாத அந்தக் குழந்தைக்காக என் வயிறு துடித்தது. அவருக்காகத் துடிக்கவில்லை. இதை ஒளிப்பானேன்?

“நமக்குப் பிள்ளை கூட்டணும்” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எனக்குத்தான் ஒண்ணு இருக்கே. அது வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?”

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் போய், “அவுகளுக்கு அங்கே ஒரு பொண்ணு இருக்காம். இனிமே அந்தக் கஷாயத்தை நான் குடிக்க மாட்டேன்” என்றேன். அவர் திடுக்கிடுவார், அழுவார், மகனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“மெதுவாப் பேசு” என்றார் மாமியார். “அது பொறந்ததுமே எனக்குத் தெரியும். அதுக்கப்புறந்தானே ஒனக்கு வைத்தியரைக் கூட்டியாந்தேன். கொறை அவங்கிட்ட இல்லேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?”