வெள்ளை பீஸும் ஓட்டு மையும்

இரண்டாயிரத்து நான்காம் வருடம் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரிண்டிங் பசையின் மண்ணெண்ணெய் நாற்றம்தான். நாட்டுக்கு அது நாடாளுமன்றத் தேர்தல். எங்கள் பனியன் கம்பெனிக்கு வெறும் சீசன். மார்ச் மாதத்திலிருந்தே கட்சி டி-ஷர்ட் ஆர்டர்கள் வந்து குவிந்தன. ஒரு மேஜையில் ஒரு தலைவரின் முகம் காய்ந்துகொண்டிருக்கும். அடுத்த மேஜையில் அவரை மேடைக்கு மேடை திருடன் என்று திட்டுகிறவரின் முகம். இரண்டு முகத்துக்கும் ஒரே துணிதான். ஏற்றுமதிக்கு ஆகாது என்று குடோன் மூலையில் தள்ளி வைத்திருந்த மட்டத் துணி.

"இது ஒரு தொவைப்புக்குத் தாங்காதுங்களே சார்" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"ஒரு ஊர்வலத்துக்குத் தாங்குனாப் போதும் அம்மிணி" என்றார் மேனேஜர்.

டிவியில் நாடு ஒளிர்கிறது என்று விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் பின்னால் வாய்க்காலில் அன்றைக்கு என்ன சாயம் போட்டார்களோ அந்த நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவனுக்கு எரிச்சல் வராவிட்டால் அவன் மனிதனே இல்லை. ஆனால் எரிச்சல் வந்து என்ன செய்தேன்? எட்டரை மணிக்கு ஆஜராகி, பீஸை எண்ணிக் கட்டினேன்.

முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் செக்கிங் பிரிவுக்கு இன்சார்ஜ். தைத்து வந்த பனியன்களைப் பெண்கள் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை, பிரிந்த தையல் பார்ப்பார்கள். அவர்களை நான் மேய்க்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் குன்னத்தூர்ப் பக்கம். என் கீழே இருந்த பதினான்கு பேரில் என்னைவிட மூத்தவர் ஒரு அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். ஒரு கறை அவர் கண்ணுக்குத் தப்பி நான் பார்த்ததில்லை.

அந்த அக்காவுக்கு ஒன்பது வருடமாக ஓட்டு இல்லை. ஊரை விட்டுப் போய்விட்டார் என்று அங்கே பெயரை அடித்துவிட்டார்கள். இங்கே கணக்கெடுக்க ஆள் வரும்போதெல்லாம் அவர் கம்பெனியில் இருப்பார். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் குடியிருந்த லைன் வீட்டுத் தெருவுக்கு மூன்று வாரமாகத் தண்ணீர் லாரி வரவில்லை என்று கேட்கப் போனபோது, வார்டு ஆள் ஒருவர் எல்லார் முன்னாலும் "உங்களுக்கெல்லாம் இங்க ஓட்டே கிடையாது, கேக்க வந்துட்டீங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு அவரை முள்ளாகக் குத்தியிருந்தது. அதற்குப் பிறகு லீவு போட்டு அலைந்து, வீட்டு ஓனரிடம் கெஞ்சிக் கடிதம் வாங்கி, ஒரு வழியாக அந்த வருடம்தான் பட்டியலில் பெயர் ஏறியது. வயதைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

பூத் சீட்டை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு வைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டினார். நாடாளுமன்றத் தேர்தலுக்கு அந்த முறைதான் நாடு முழுக்க ஓட்டு மெஷின் வந்திருந்தது. "பட்டன அமுக்குனா சத்தம் வருமாமே மேடம்?" என்று கேட்டார். "கீன்னு நீளமா வருமுங்க்கா" என்றேன். "அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு வந்து அந்த வார்டு ஆளு மொகத்துல முழிக்கணும்" என்றார்.

ஓட்டுப்பதிவு நாளன்றே எங்களுக்கு ஒரு ஷிப்மென்ட் வந்து நின்றது. வெளிநாட்டுக்குப் போகிற வெள்ளை பனியன், கைக்குழந்தைகளுக்கானது. அன்றைக்கு லீவு விட வேண்டும் என்பது சட்டம். அதனால் கேட்டில் 'இன்று விடுமுறை' என்று அட்டை தொங்கும், உள்ளே மெஷின் ஓடும் என்று முடிவாகியது. காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வேலைக்கு வரட்டும் என்றுதான் மேனேஜர் முதலில் சொன்னார். அதைக் கெடுத்தது நான்.

மூன்று வருடம் முன்பு சட்டமன்றத் தேர்தலின்போது விரலில் ஈர மையோடு வந்த ஒரு பெண் தொட்ட வெள்ளை பீஸ் அத்தனையும் பாழாகியது. அந்த மை முதலில் தெரியாது. வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும். எந்தச் சோப்புக்கும் போகாது. பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்து, திட்டு வாங்கியது நான்தான். அந்தப் பயத்தில், "ஓட்டு மையோட யாரும் வெள்ளை டேபிளுக்கு வரக்கூடாதுங்க சார்" என்று என் வாயாலேயே சொன்னேன். என்ன ஒரு பொறுப்பு! நாட்டை ஆளுவது யார் என்பதைவிட, எங்கோ ஒரு குழந்தையின் பனியனில் பொட்டு விழுந்துவிடக் கூடாதாம்.

மேனேஜர் பிடித்துக்கொண்டார். "அதுஞ் சரிதான். அப்ப வேலைய முடிச்சுப்போட்டு மூணு மணிக்கு மேல வேன்லயே எல்லாரும் போயிட்டு வரட்டும். யாராருக்கு எந்த பூத்து, என்ன வரிசை நம்பருன்னு எழுதிக் குடுத்துருங்க அம்மிணி. வேனு எந்த ஸ்கூலுக்குப் போகோணும்னு தெரியோணுமல்ல?"

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். பெயர், கணவர் பெயர், பூத், வரிசை எண். மேலே, 'மூன்று மணிக்கு மேல்தான் வருவார்கள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அன்றைக்குச் சீட்டு கொண்டு வராத மூன்று பேரை எழுதவில்லை. பதினொரு பேர் ஏறினார்கள். கையெழுத்து அச்சுப் போல இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டினார். பூரித்துப் போனேன், வெட்கம் கெட்டவள்.

அன்று சாயங்காலம் அவர் அறையில் கரைவேட்டி கட்டிய ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் அவர் பக்கம் திரும்பியபடி என் தாள் கிடந்தது. பார்த்தேன். வேனுக்காக வந்தவர் என்று நினைத்துக்கொண்டதாக இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். பொய். நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்தால் கேட்க வேண்டிவரும் என்று நினைக்காமல் இருந்துகொண்டேன்.

ஓட்டுப்பதிவு நாள் நான் எங்கள் ஊரில் வாக்குச்சாவடி திறந்ததும் முதல் ஆளாகப் போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்தேன். இன்சார்ஜ் அன்றைக்குப் பீஸைத் தொடத் தேவையில்லை என்பதால் எனக்கு மட்டும் அந்தச் சலுகை. அந்த அக்கா புதுச் சேலையில் வந்திருந்தார். மதியம் வரை யாரும் தலை நிமிரவில்லை. மூன்று மணி என்றது மூன்றே முக்கால் ஆனது. வேன் வந்தது. பதினான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். எல்லாருக்கும் ஒரே பள்ளிக்கூடம்தான் பூத்.

பள்ளிக்கூட அறையில் எல்லாக் கட்சி ஏஜென்டுகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒருவரை ஒருவர் வெட்டுவேன் என்கிறவர்கள். அக்காதான் வரிசையில் முதல் ஆள். அதிகாரி சீட்டைப் பார்த்தார், பட்டியலில் விரலை ஓட்டினார், நிறுத்தினார். அக்காவின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு இருந்தது.

"உங்க ஓட்டுப் பதிவாயிருச்சும்மா."

"எப்படி சார்? நான் இப்பம்தான வாரேன்."

அதிகாரி கையெழுத்து நோட்டைத் திருப்பிக் காட்டினார். அக்காவின் எண்ணுக்கு நேரே நீலமாக ஒரு பெருவிரல் ரேகை.

"நான் கையெழுத்துப் போடுறவ சார். எட்டாங் கிளாஸ் படிச்சிருக்கேன். இது கைநாட்டுலா" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. கறை விழுந்த பீஸை என்னிடம் எடுத்துக் காட்டுகிற அதே குரல். மை படாத இடது கையை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். அதிகாரி அதைப் பார்க்காமல், "நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்றார். இப்படி நேர்ந்தால் தனிச் சீட்டில் ஓட்டுப் போட வழி உண்டு என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அறையில் அது தெரிந்தவர்கள் ஐந்தாறு பேராவது இருந்திருப்பார்கள். மோர் தொண்டையில் இறங்குகிற சத்தம்தான் கேட்டது.

அடுத்தவருக்கும் சிவப்புக் கோடு. அதற்கடுத்தவருக்கும். பதினான்கு பேரில் பதினொரு பேருக்கு முடிந்துபோயிருந்தது. மூன்று பேர் மட்டும் ஓட்டுப் போட்டார்கள். என் தாளில் ஏறாத அந்த மூன்று பேர். பள்ளிக்கூடச் சுவரோரம் போய் நின்றேன், வாந்தி வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

திரும்பி வந்ததும் மேனேஜர் எல்லார் கையையும் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. "அந்த மூணு பேரு பேக்கிங்குக்குப் போங்க. மத்தவங்க கை சுத்தமாத்தான இருக்குது? உக்காருங்க, வண்டி நிக்குது" என்றார். அக்கா உட்கார்ந்து பீஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அந்த ஷிப்மென்டில் ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டில்தான் பேச்சு வெடித்தது. ஓட்டு இழந்தவர்களில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறக்காமலே, "லிஸ்ட்ல இருந்தவங்களுக்கு மட்டும் எப்படிங்க போச்சு? மேடந்தான எழுதுனாங்க? அவங்களையே கேளுங்க" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் சோறு இருந்தது.

நான் பேசுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"ஏட்டி, வாய அடக்கிப் பேசு. என் பேரு ஓட்டு லிஸ்ட்டுல ஏறுனதுக்கு என்னைய விடச் சந்தோசப்பட்டது அவுக. மேடம் அப்படிச் செய்யிற ஆளா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க மேடம். அந்தத் தாளு யாரு கைக்கும் போவலதான?"

போனது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பதினொரு பேரும் மேனேஜர் அறைக்குப் போயிருப்பார்கள். கூட நானும் போக வேண்டியிருந்திருக்கும்.

"இல்லீங்க்கா" என்றேன். "டிரைவர்கிட்டக் காட்டிப்போட்டு அப்பவே கிழிச்சுட்டனுங்க."

"கேட்டியளா?" என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பாத்திரத்திலிருந்து வறுத்த மீன் துண்டு ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். "மனசுல வச்சுக்கிடாதிய மேடம். வயிறெரிஞ்சு பேசுதுவ. சாப்பிடுங்க" என்றார்.

நான் சாப்பிட்டேன். முள்ளைக்கூட அவரே எடுத்துக் கொடுத்தார்.